கால்நடை இழப்பும் அரசு ஈட்டுத்தொகையும்: தெற்கு டகோட்டாவில் இரு பேரிடர்கள் (1934, 2013)

முன்னுரை

தமிழில் 'மாடு' என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். கால்நடையே முதலாக அமைந்த நிலப்பகுதியில் பேரிடர் ஒன்று அம்முதலைச் சில நாள்களில் அழித்துவிடக்கூடும். அவ்விழப்பை அரசு எப்போது, யாருக்கு, எச்சான்றின் அடிப்படையில் ஈடுசெய்கிறது என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தைத் தாக்கிய 1934ஆம் ஆண்டு வறட்சியையும் 2013ஆம் ஆண்டுப் பனிப்புயலையும் இக்கட்டுரை அந்நோக்கில் ஒப்பிடுகிறது.

1934: உயிருள்ள மாட்டுக்கு விலை

வறட்சியால் பெருஞ்சமவெளி மாநிலங்களில் புல்லும் நீரும் அற்றன. மாட்டின் சந்தை விலையும் வீழ்ந்தது. 1934 ஜூனில் நடுவண் அரசு, நெருக்கடிப் பகுதிகளாக அறிவிக்கப்பெற்ற கவுண்டிகளில் மாடுகளைத் தானே விலைக்கு வாங்கத் தொடங்கியது. 1935இன் தொடக்கம் வரை நாடு முழுவதும் ஏறத்தாழ 83 இலட்சம் மாடுகள் வாங்கப்பெற்றன. உணவுக்குத் தகாதவை கொல்லப்பட்டன; ஏனையவற்றின் இறைச்சி வறியோர்க்கு வழங்கப்பட்டது.

இத்திட்டத்தில் தொகை இரு கூறாகப் பிரிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இரண்டு வயதைக் கடந்த மாட்டுக்கு 12 முதல் 20 டாலர் வரை கிடைத்தது. அதில் விலைத்தொகையின்மீது, மந்தையை ஈடாகக் கொண்டு கடன் தந்தவர் உரிமை கோரலாம். உதவித்தொகையான 6 டாலரோ வளர்ப்பவருக்கே உரியது. கடனில் மூழ்கியவர் கையிலும் சிறிது பணம் சேரவேண்டும் என்னும் நோக்கத்தை இதனால் உணரமுடிகிறது.

2013: இறந்த மாட்டுக்குச் சான்று

2013 அக்டோபர் 3 முதல் 5 வரை மாநிலத்தின் மேற்குப் பகுதியைப் பனிப்புயல் தாக்கியது. மாடுகள் அப்போதும் கோடைக்கால மேய்ச்சல் நிலங்களிலேயே இருந்தன. குளிர்கால மயிரும் அடர்ந்திருக்கவில்லை. முதலில் மழையில் நனைந்த அவை, பின்னர் கடுங்காற்றிலும் பனியிலும் சிக்கி ஆயிரக்கணக்கில் மடிந்தன. வேலிகளைக் கடந்து நெடுந்தொலைவு சென்று இறந்தவற்றின் உடைமையாளரைச் சூட்டுக்குறியும் காதுவில்லையுமே காட்டின.

அந்நாளில் இழப்பீடு கோரச் சட்டவழி இல்லை. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் ஏற்படுத்திய கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பர் 30இல் காலாவதியாகியிருந்தது. மேலும், நிதி ஒதுக்கீடு நிறைவேறாமையால் அக்டோபர் 1 முதல் நடுவண் அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. கவுண்டி தோறும் இயங்கிய பண்ணைச் சேவை அலுவலகங்களும் அவற்றுள் அடங்கும். நோய் பரவாதிருக்க உடல்களை விரைந்து புதைக்கவேண்டும். புதைத்தபின்னோ சான்று இராது. எனவே ஒளிப்படம், எண்ணிக்கைக் குறிப்பு, கால்நடை மருத்துவர் அல்லது பிறர் தரும் சாட்சியம் ஆகியவற்றை, என்றேனும் சட்டம் வரும் என்ற நம்பிக்கையில் வளர்ப்போர் தாமே திரட்டவேண்டியதாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் நன்கொடை நிதியும், அண்டை மாநிலத்தார் கொடையாக அனுப்பிய சினைக் கிடாரிகளும் சிலருக்குக் கைகொடுத்தன.

2014 பிப்ரவரி 7இல் கையொப்பமான வேளாண் சட்டம் இத்திட்டத்தை நிலையானதாக்கியது; 2011 அக்டோபர் 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் அது பொருந்தியது. இயல்பான இறப்பு விகிதத்திற்கு மேற்பட்ட இழப்புக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு வழங்கப்பட்டது. அப்போதிருந்த 1,25,000 டாலர் உச்சவரம்பு, 2018இல் இத்திட்டத்தைப் பொறுத்தவரை நீக்கப்பட்டது.

முடிவுரை

1934இல் அரசு மாடு இறப்பதற்கு முன்னரே வந்தது. வளர்ப்பவர் கடனாளி என்பதையும் கருத்திற் கொண்டது. 2013இல் இழப்பு முந்திற்று. சட்டம் நான்கு மாதங்கள் பிந்திற்று. தொகையின் அளவால் பின்னது பெரிதாயினும், இழப்பை மெய்ப்பிக்கும் சுமை இழந்தவர் மேலேயே விழுந்தது. படம் எடுக்க இயலாதவரும், பனிக்குள் புதைந்த மந்தையைக் காணாதவரும் ஈட்டுத்தொகையை இழக்கும் நிலை இருந்தது. எனவே பேரிடர் உதவியை மதிப்பிடுவோர் வழங்கிய தொகையோடு, சட்டம் முன்கூட்டியே நடைமுறையில் இருந்ததா என்பதையும், சான்று காட்டும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.