அமேலியா எழுதியதும் மிசஸ் பர்க் சொன்னதும்

வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. விசாரணைக் கமிஷனின் அறிக்கை, கவர்னரும் படைத் தளபதியும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு எழுதிய கடிதங்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் வயதான காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் என்று காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கலகம் வெடித்த நேரத்தில் கோட்டைக்குள் இருந்து, கண்ணால் கண்டதைச் சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்தவர் யார் என்று தேடினால் ஒரு பெண்மணிதான் அகப்படுகிறார். கோட்டைத் தளபதி கர்னல் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட்டின் மனைவி அமேலியா. எழுத உட்கார்ந்தபோது அவர் விதவை. கணவர் இறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கலகத்துக்கான காரணங்களைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் 1805 நவம்பரில் பிறப்பித்த உத்தரவுதான் முக்கியக் காரணம். திருநீறோ நாமமோ இட்டுக்கொண்டு அணிவகுப்புக்கு வரக்கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில் தோல் சேர்த்துத் தைத்த புதுமாதிரித் தலைப்பாகை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. இந்த வாரம் கோட்டைக்குள்ளே, மாடி வீடு ஒன்றுக்குப் போவோம்.

அமேலியாவின் குறிப்பில் வீராவேசம் எதுவும் இல்லை. மணி என்ன, எந்தக் கதவு, எந்த ஜன்னல் என்றுதான் எழுதிக்கொண்டு போகிறார். அதனாலேயே நம்பத் தோன்றுகிறது. 1806 ஜூலை 9, புதன்கிழமை. இரவு பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் படுக்கப் போகிறார்கள். இரண்டு மணி வாக்கில் துப்பாக்கிச் சத்தம் இருவரையும் ஒரே சமயத்தில் எழுப்பிவிடுகிறது. கர்னல் தம் எழுத்து அறையின் ஜன்னலைத் திறந்து, என்ன கலாட்டா என்று உரக்கக் கேட்கிறார். ஒரு தடவை அல்ல, பல தடவை. பதிலுக்கு வேட்டுச் சத்தம்தான் வருகிறது. கீழே தலைமைக் காவல் முகப்பில் சிப்பாய்கள் கூட்டமாக நின்று சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கர்னல் கீழே இறங்கிப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, உடனே விளக்கு கொண்டுவரும்படி மனைவியிடம் கேட்டார். அமேலியா கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கர்னல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

கோட்டை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது; தளபதி பேனாவை எடுக்கிறார். சிரிப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கும்பெனியின் பட்டாளமே காகிதத்தில் ஓடிய பட்டாளம். உத்தரவும் காகிதம், எச்சரிக்கையும் காகிதம், சம்பளமும் காகிதம். எழுதப்படாத எதையும் அது நம்பியதில்லை. அந்தப் பழக்கத்தின் விலையைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம்.

விளக்கு வெளிச்சத்தைக் குறி வைத்து யாராவது சுட்டுவிடப் போகிறார்களே என்று அமேலியா திறந்திருந்த ஜன்னலைச் சாத்துகிறார். கணவரின் முகம் வெளிறிப்போயிருக்கிறது. என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, உன் அறைக்குப் போ என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. இருக்கிற கலக்கத்தில் மறுபடி கேட்க வேண்டாம் என்று அமேலியாவும் போய்விடுகிறார். இரண்டு நிமிஷம் கழித்து, கணவர் வீட்டைவிட்டு வெளியேறும் ஓசை கேட்கிறது.

அதற்குப் பிறகு வேலூரில் அமேலியாவுக்குத் துணை இரண்டு குழந்தைகளும் ஆயாவும்தான். கதவுகளை எல்லாம் தாழிட்டார், குழந்தைகளைத் தம் அறைக்குக் கொண்டுவந்தார், மண்டியிட்டு ஜெபித்தார். வீட்டுக்குள் தப்பி வந்த அதிகாரி ஒருவர், காவலில் இருந்த வெள்ளைக்காரர்களைக் கொன்றுவிட்டார்கள், நம் கதியும் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது விடியத் தொடங்கியதும் சிப்பாய்கள் அதிகாரிகளின் வீடுகளுக்குள் புகுந்து சூறையாடினார்கள். தளபதியின் மனைவி பிள்ளைகளோடும் ஆயாவோடும் ஒளிந்துகொண்டது கோழிக் கொட்டகையில்.

இங்கே இன்னொரு விதவையை அழைத்துவர வேண்டும். பர்க் என்று ஒரு ஐரோப்பியச் சிப்பாய், அவன் இறந்துபோனான். அவனுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குவதற்காக அவன் மனைவி கலகத்துக்குச் சில நாள் முன்பு கர்னல் ஃபேன்கோர்ட்டைப் பார்க்கப் போயிருந்தாள். போன இடத்தில், சிப்பாய்கள் ஏதோ திட்டம் போடுகிறார்கள், வெள்ளைக்காரர்களைக் கொல்லப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று சொன்னாள். கர்னல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டாளத்துக் கீழ்மட்டத்து விதவை, பஜாரில் திரிகிறவள், நல்ல பேர் இல்லாதவள். அவள் பேச்சை யார் மதிப்பார்கள்? ஜூன் மாதத்தில் முஸ்தஃபா பேக் என்ற சிப்பாயும் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சதியை விளக்கமாகவே சொன்னார். இந்திய அதிகாரிகளை வைத்து விசாரித்தார்கள். அவர்களில் சதிகாரர்களும் இருந்தார்கள். புகார் பொய், சொன்னவன் புத்தி பேதலித்தவன் என்று தீர்ப்பாகி, முஸ்தஃபா பேக்கைக் காவலில் வைத்தார்கள். கலகம் முடிந்த பிறகு அவருக்கு 2,000 வராகன் பரிசும், சுபேதாருக்கு உரிய ஓய்வூதியமும் கிடைத்தன. மிசஸ் பர்க்குக்குக் கிடைத்தது விசாரணைக் கமிஷன் முன்னால் சாட்சி சொல்லும் வாய்ப்பு.

கர்னல் அந்த ஒரு விதவையின் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் மனைவி விதவையாகியிருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். வரலாறு அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்காது. ஆனால் ஒரு வாரத்துக்கு மட்டும் காவலை மாற்றியிருந்தால்கூட, சிப்பாய்கள் மொத்தமாகக் கோட்டைக்குள் படுத்திருந்த அந்த இரவு வாய்த்திருக்காது. மறுநாள் அதிகாலையில் அணிவகுப்பு என்பதால்தான் பேட்டையில் குடிசைகளில் தூங்க வேண்டியவர்கள் அன்று கோட்டைக்குள் தங்கினார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில், அவர் மகளுக்கு 9-ஆம் தேதி கல்யாணம் என்பதால் வெளியாட்கள் நடமாட்டத்தையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

மிச்சக் கதை பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. 16 மைல் தள்ளி ஆற்காட்டில் இருந்த ரோலோ கில்லெஸ்பி, 19-ஆவது லைட் டிராகூன் குதிரைப் படையோடு காலையில் வந்து சேர்ந்தார். மதில்மேல் 69-ஆவது படைப்பிரிவில் மிஞ்சிய சிலர் சார்ஜென்ட் பிராடி தலைமையில் தாக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட கயிற்றைப் பிடித்துக் கில்லெஸ்பி ஏறினார். பீரங்கி வந்ததும் கதவு பிளந்தது. பிறகு நடந்தது போர் அல்ல. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேரை வெளியே இழுத்து, பந்தடிக்கும் மைதானத்தின் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கதவைப் பிளந்த பிளாகிஸ்டன் 1829-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், அந்தக் காட்சியைத் தாம் பதற்றமில்லாமலே பார்க்க முடிந்தது என்கிறார். 23 வருஷம் கழித்தும் அதை எழுதக் கை கூசவில்லை.

கர்னல் ஃபேன்கோர்ட் குண்டடி பட்டு இறந்தார். அவரையும் சேர்த்து அதிகாரிகள் 14 பேர், 69-ஆவது படைப்பிரிவில் 115 பேர் போனார்கள். சிப்பாய்கள் தரப்பில் கோட்டைக்குள் செத்தவர்கள் சுமார் 350. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இத்தனை சாவுக்கும் வீட்டில் ஒரு பெண் இருந்திருப்பாள் அல்லவா? வெள்ளைக்கார அதிகாரியின் விதவைக்குப் பதவிக்கு ஏற்ற ஓய்வூதியம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மறுமணம் செய்துகொண்டால் நின்றுபோகும். மன்னர் படையில் சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு அதுவும் இல்லை. போரில் செத்த சிப்பாயின் மனைவிக்கு அரசு ஓய்வூதியம் என்ற ஏற்பாடே 1901-இல் தென்னாப்பிரிக்காவின் போயர் போரின்போதுதான் வந்தது. அதுவரை அவளுக்கு இருந்த வழி, பட்டாளத்து ரேஷன் ஓடுகிற சில மாதங்களுக்குள் அதே பட்டாளத்தில் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது. கணவனைப் புதைத்த சில வாரங்களில் கல்யாணம் என்று பட்டாளத்து மாதா கோயில் பதிவேடுகளில் காணப்படுகிறது. பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பசிக்கு ஏது துக்க மாதம்? மிசஸ் பர்க்கின் ‘நல்ல பேர் இல்லாமை’யையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியச் சிப்பாய் கும்பெனிக்காகச் சண்டையில் செத்தால் குடும்பத்துக்கு ஏதோ கிடைத்தது. கும்பெனியை எதிர்த்துச் செத்தவனுக்கு என்ன கிடைக்கும்? வேலூரில் எழுந்த 1-ஆவது, 23-ஆவது படைப்பிரிவுகளின் எண்ணையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். எண்ணே போன பிறகு சம்பளப் பாக்கி என்று யாரிடம் போய் நிற்பது? பேட்டையில் விடியற்காலை அணிவகுப்பு முடிந்து புருஷன் சோற்றுக்கு வருவான் என்று இருந்தவர்களில் ஒருத்திகூட எழுதி வைக்கவில்லை. கர்னல் வீட்டு ஆயாவும்தான். அவர் அதே கொட்டகையில், அதே குழந்தைகளோடு, அமேலியா பார்த்ததை எல்லாம் பார்த்தவர். பிடிபட்டிருந்தால் வெள்ளைக்காரச்சிக்குத் துணை போனவள் என்ற பழியும் அவர் தலையில்தான்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே வேலூர்க் கோட்டையில் ஒரு விதவைக் கூட்டம் இருந்தது. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அவர் பிள்ளைகளை வேலூரில் காவலில் வைத்த கும்பெனி, 1802-இல் திப்பு, ஹைதர் இருவரின் அந்தப்புரத்தையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள். ஆக, அந்த ஜூலை இரவில் கோழிக் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கணவனை இழந்தவர்கள் பலர் அதே வேட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில மணி நேரம் கோட்டையில் மைசூர்க் கொடி பறந்தது. கலகம் அடங்கியதும் ஆண்பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் பெரும்பாலும் இங்கேயே இருந்து முடிந்தார்கள். ஹைதரின் விதவை பக்ஷி பேகம் அதே 1806-இல் இறந்தார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834 வரை இருந்தார். இருவரின் கல்லறைகளும் வேலூரில் இருக்கின்றன.

அமேலியா கதைக்கு வருவோம். அவர் எழுதியது பல வருஷம் அச்சேறவில்லை. 1842 ஜூன் மாதம், வேலூரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிட்னியில், ‘சிட்னி கெஜட்’ பத்திரிகையில் வெளிவந்தது. கணவர் இறந்த தேதியைத் தலைப்பில் ஜூலை 9 என்று ஒரு நாள் முன்னால் தள்ளிப் போட்டுவிட்டார்கள். எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். அவர் அவ்வளவு கவனமாக மணி பார்த்து எழுதியவர்.

மகன் சார்லஸ் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட் 1804-இல் பிறந்தவர். கலகத்தின்போது இரண்டு வயது. வளர்ந்து பிரிட்டிஷ் பார்லிமென்டில் பார்ன்ஸ்டபிள் தொகுதிக்கு உறுப்பினரானார். 1843 முதல் மத்திய அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் குடியேற்றத்துக்கு அவர்தான் தலைமை நிர்வாகி. அவர் அங்கே இருக்கையில் 1847-இல் எல்லைக்கு அப்பால் யுகட்டான் பிரதேசத்தில் மாயா மக்கள் வெள்ளை ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். வேலூரில் தகப்பனைப் பறிகொடுத்தவர் அவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டு சமாதானம் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஊர் திரும்பி யுகட்டானின் வரலாற்றை 1854-இல் புத்தகமாகப் போட்டார். எழுதிவைக்கும் பழக்கம் இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கும்.

திப்புவின் பிள்ளைகள் காலி செய்த கோட்டை வெகுநாள் சும்மா கிடக்கவில்லை. 1816-இல் கண்டியிலிருந்து ஒரு ராஜாவைக் கொண்டுவந்தார்கள், ராணிகளோடு. ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)