வினிகரில் சாகாத பல்லுக்காரர்கள்

இந்த வாரம் என் ஈறு பற்றிய கதை. சிரிக்காதீங்க, 1683 வரைக்கும் போகும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஈறு வீங்கிப்போச்சு. மறுநாள் ஆபீஸில் ரிலீஸ். டாக்டரிடம் போகாமல், தெருமுனை மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கினேன். மூணு நாள் போட்டேன், வலி நின்னது, நிறுத்திட்டேன். ரெண்டு வாரத்தில் வீக்கம் திரும்ப வந்தது. இந்தத் தடவை பல் டாக்டர். அவங்க மாத்திரை எழுதவே இல்லை, சுரண்டும் கருவியைக் கையில் எடுத்தாங்க. "மருந்து வேண்டாமா டாக்டர்?"னு கேட்டேன். "முதல்ல காரையை எடுப்போம் தம்பி. அது இருக்கற வரைக்கும் மருந்து எங்க உள்ள போகும்?"

இதே விஷயத்தை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒருத்தர் தன் வாயிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆண்டனி வான் லீவன்ஹூக், துணி வியாபாரம் கற்றவர். தானே செய்த ஒற்றை லென்ஸ் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் வைத்துப் பார்ப்பார். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் உப்பு போட்டுப் பல் தேய்க்கிற ஆள்தான், ஆனாலும் பல்லிடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ தங்கியிருக்கிறது. அதை எடுத்து லென்ஸில் பார்த்தால், உள்ளே உயிர்கள் துள்ளி ஓடுகின்றன! வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரையும் பிடித்துப் பார்த்தார். அங்கே திருவிழாக் கூட்டம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடுமையான வினிகரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். அப்புறம் பல்லைச் சுரண்டிப் பார்த்தால் ஜந்துக்கள் உயிரோடு இருக்கின்றன. சுரண்டி எடுத்ததில் வினிகரை நேராகக் கலந்தால் உடனே சாகின்றன. அதாவது, வினிகர் மேலே இருந்தவற்றை மட்டும்தான் கொன்றது, படலத்துக்குள் இறங்கவில்லை என்று அவரே எழுதினார். பாக்டீரியா என்ற பெயர்கூட அப்போது கிடையாது.

அந்தப் படலத்தை இப்போது பயோஃபிலிம் என்கிறோம். பிசின் மாதிரி ஒரு பொருளுக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. உள்ளே இருப்பவை மெதுவாகத்தான் வளரும். அமாக்சிசிலினோ, செல் சுவர் கட்டிக்கொண்டிருக்கிற கிருமியைத்தான் உடைக்கும், சும்மா உட்கார்ந்திருப்பதை என்ன செய்யும்? இன்னொன்று: சில கிருமிகள் மருந்தையே அறுக்கும் என்சைமை வெளியே விடும். ஒருத்தர் பிடித்த குடையில் பக்கத்து ஆளும் நனையாமல் நிற்கிற கதைதான்.

மெட்ரோனிடசோல் ஈறுக்கு வந்ததே தற்செயல். அது டிரைக்கோமோனஸ் தொற்றுக்கான மருந்து. அதற்காகச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறியது. ஷின் என்ற பல் மருத்துவர் 1962ல் லான்செட் இதழில் அதை எழுதினார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு இது எமன் என்று தெரிய வந்தது அப்படித்தான்.

சரி, எதிர்ப்பு எப்போது வந்தது? மாத்திரை வந்த பிறகுன்னுதான் நானும் நினைச்சேன். 2014ல் கிறிஸ்டினா வாரினர் குழு, ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் புதைக்கப்பட்டவர்களின் பற்காரையிலிருந்து டி.என்.ஏ. எடுத்தது. அவர்கள் வாழ்ந்தது சுமார் 950க்கும் 1200க்கும் இடையில். இன்றைக்கு நம் ஈறைத் தின்கிற டானரெல்லா ஃபார்சித்தியா அங்கேயும் இருந்தது. கூடவே, ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களின் சாயலும்! ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928ல்.

இதில் பெரிய மர்மம் இல்லை. பூஞ்சைகளும் மண் கிருமிகளும் யுகயுகமாக ஒன்றையொன்று இதே மாதிரி ரசாயனங்களால் தாக்கிக்கொள்கின்றன, தற்காப்பும் அவ்வளவு பழசு. நாம் செய்தது, அந்தப் பழைய ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இடத்தைக் காலி செய்து கொடுத்தது. 2014லேயே வந்த இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் நாள்பட்ட ஈறு நோய் உள்ள 400 பேரின் கிருமிகளைச் சோதித்தார்கள். சுமார் 74% பேரிடம், சோதித்த நாலு மருந்தில் ஒன்றுக்காவது மசியாத கிருமி இருந்தது. அந்த நாலில் நான் வாங்கிய ரெண்டும் உண்டு.

என் ஈறில் மிச்சம் இருப்பது எந்த ரகம்னு யாரும் டெஸ்ட் பண்ணலை. சுரண்டும்போது ரத்தம் நிறைய வந்தது, டாக்டர் இன்னும் ரெண்டு சிட்டிங் சொல்லியிருக்காங்க. அடுத்தது சனிக்கிழமை. மீந்துபோன மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.