கடலில் கல் நடுவதில்லை

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. அம்மரபின் நிலைகளைத் தொல்காப்பியம் வெட்சித்திணையுள் வைத்து இலக்கணம் கூறுகிறது. வீழ்ந்தவன் பெயர், அவன் செயல், அவன் காத்த ஊர் ஆகிய மூன்றையும் நடுகல் தாங்கி நிற்கும். கடலின்மேல் வானில் வீழ்ந்தவர்க்கோ கல் நடுவதற்குரிய நிலமே இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரலில், இலங்கையைச் சூழ்ந்த கடலில் மறைந்த சில விமானங்களின் வரலாறு இதனை நினைக்கச் செய்கிறது.

அவ்வாண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் கைக்கு மாறின. அதன்பின் நாகுமோ தலைமையிலான கப்பற்படை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்தியப் பெருங்கடலுள் நுழைந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் இப்படையே ஆகும்.

அதனைத் தேடும் பணி, காலிக்கு அருகே கொக்கல நீர்நிலையிலிருந்து புறப்படும் ‘கேட்டலினா’ விமானங்களுக்கு உரியதாயிற்று. நீரில் இறங்கவும் எழவும் வல்ல இவ்விமானங்கள் வேவு பார்த்தலோடு குண்டு வீசவும் பயன்பட்டன. நெடுநேரம் பறக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. விரைவோ மிகக் குறைவு. எதிரியைக் கண்டால் தப்புவது அரிது என்பதை அறிந்தே அவற்றின் குழுவினர் புறப்பட்டனர்.

ஏப்ரல் 4 மாலை, கனடிய விமானி லியோனார்டு பர்ச்சல் ஓட்டிய கேட்டலினா அக்கப்பற்படையைக் கண்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தபோதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள் காலை கொழும்பு தாக்கப்பட்டது. முன்னறிவிப்பினால் கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்தன. எனினும் தாக்குதல் தொடங்கியபோது காவல் விமானங்கள் பல தரையிலேயே இருந்தன என்பதையும் மறைத்தற்கில்லை.

ஏப்ரல் 9 காலை, கொக்கலவிலிருந்து சென்ற மற்றொரு கேட்டலினா அதே கப்பற்படையைக் கண்டது. செய்தி தொடங்கியது, முடியவில்லை. அவ்விமானமும் அதிலிருந்தோர் அனைவரும் கடலோடு போயினர். அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ‘ஹெர்ம்ஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்க, 307 பேர் உயிரிழந்தனர்.

ஏறத்தாழ அதே வேளையில் இன்னொரு முயற்சியும் நிகழ்ந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலையே ஓடுதளமாக்கியிருந்த பிரித்தானிய வான்படையின் 11ஆம் அணியிலிருந்து, பதினொரு ‘பிளென்ஹைம்’ குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. எஞ்சின் பழுதால் இரண்டு திரும்பின. எஞ்சிய ஒன்பதும் காவல் விமானத் துணையின்றிச் சென்று, ‘அகாகி’ என்னும் தலைமைக் கப்பலின்மேல் குண்டு வீசின. குண்டுகள் அருகே நீரில் விழுந்தன. ஒன்றும் கப்பலைத் தாக்கவில்லை. நான்கு விமானங்கள் அங்கேயே வீழ்த்தப்பட்டன. திரும்பும் வழியில் ஐந்தாவதும் வீழ்ந்தது. விமானத்துக்கு மூவராகப் பதினைந்து பேர் கரை சேரவில்லை.

பயன் விளையாத முயற்சி என்று இதனை ஒதுக்குவோர் உளர். ஆயினும், அக்கப்பற்படைமீது நிகழ்ந்த முதல் திட்டமிட்ட வான்தாக்குதல் இதுவே. குண்டுகள் நீரைக் கிழிக்கும்வரை தம் தலைக்குமேல் பகைவர் வந்ததை ஜப்பானியர் உணரவில்லை. அவர்களின் காவலில் இருந்த குறை அன்றே வெளிப்பட்டது. அதனை அவர்கள் திருத்திக்கொள்ளவில்லை. இரண்டு மாதங்களில், மிட்வே போரில், மேலிருந்து பாய்ந்த அமெரிக்க விமானங்களின் குண்டுகளால் அதே அகாகி அழிந்தது.

இனி நினைவின் வரலாற்றைக் காண்போம். சிறையிலிருந்து 1945இல் விடுதலையுற்ற பர்ச்சல், 2004 வரை வாழ்ந்தார். ‘இலங்கையின் மீட்பர்’ என்று போற்றப்பட்டார். அவர் துணிவு அப்புகழுக்கு முற்றிலும் தக்கதே. ஆனால் ஐந்து நாள் கழித்து அதே தளத்திலிருந்து சென்று, அதே பணியைச் செய்து, அதைவிடப் பெரிய விலை கொடுத்த குழுவினர் பல நூல்களில் ஒருவரி அளவே இடம்பெறுகின்றனர். இரு குழுவினர்க்கும் கடமையில் வேறுபாடு இல்லை. ஒரு குழுவில் நடந்ததைச் சொல்ல அறுவர் பிழைத்தனர். மற்றதில் ஒருவரும் இலர். வரலாறு பெரும்பாலும் மீண்டு வந்தோரின் வாய்மொழியே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் வீழ்ந்து கல்லறை பெறாத பொதுநலவாய விமான வீரர்களின் பெயர்கள், சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நிலப்படையினர் உட்பட அங்குள்ள பெயர்கள் 24,000க்கும் மேற்பட்டவை. வீழ்ந்த கடலிலிருந்து நெடுந்தொலைவில் நிற்கும் நடுகல் அது. அவ்வேப்ரலில் இதே கடலில் மறைந்த ஜப்பானிய விமானிகளுக்கும் தாயும் மனைவியும் காத்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கல்லில் பெயர் பொறிப்பதோடு கடன் தீர்வதில்லை. செயலையும் உரைத்தாலன்றி நடுகல் நிறைவுறாது. செய்தியை முடித்தவரின் புகழை எழுதும் வரலாற்றாசிரியர், பாதியில் நின்ற செய்தியை அனுப்பியோர் யாவர், எதற்காக அங்குச் சென்றனர் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுதல் வேண்டும். கரை சேராதவர்க்குக் கரையிலுள்ளோர் செய்யத்தக்க கடமை அதுவே.