ஐதராபாத்தில் இரு நாணயமும் வணிகர் பட்ட பாடும்

வாணிகம் செய்வோர்க்கு முதல் வேண்டும், சரக்கு வேண்டும், வாங்குவோர் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். இம்மூன்றும் வாய்த்த பின்னரும் ஐதராபாத் வணிகனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நான்காவதாக ஒரு தொல்லை இருந்து வந்தது. அவன் சரக்கு வாங்கக் கொடுத்த நாணயம் வேறு. அதனை விற்றுப் பெற்ற நாணயம் வேறு. இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். இரண்டிலும் பதினாறு அணா உண்டு; அணாவுக்குப் பன்னிரண்டு பை உண்டு. ஆனால் ஒன்றின் மதிப்பு மற்றொன்றுக்கு இல்லை. நம் சங்கத்து இளைஞர் பலர்க்கு இச்செய்தி புதிதாக இருத்தல் கூடும். நாள்தோறும் கணக்கேட்டோடு உழலும் எளியேனுக்கு இதன்கண் ஈடுபாடு மிகுதி. ஆதலின் இக்கட்டுரையில் எண்கள் சற்று மிகுந்தே வரும். அன்பர்கள் பொறுத்தருள்க.

ஹுசேன் சாகர் ஏரிக்குத் தெற்கே நிஜாமின் தலைநகர்; வடக்கே 1806-இல் அந்நாளைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த செகந்தராபாத் பாளையம். இங்குக் கம்பெனிப் படைகள் தங்கின. அப்படைகளோடும் அவற்றுக்கு உணவும் உடையும் சேர்த்துக் கொடுத்த குத்தகைதாரரோடும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறியோருள் நம் தமிழ் மக்கள் பலர். சிப்பாய்க்கும் எழுத்தருக்கும் சம்பளம் கம்பெனி ரூபாயில். பின்னாளில் பிரிட்டிஷ் இந்திய ரூபாயில். ஏரிக்கரையைக் கடந்து பேகம் பஜாருக்கோ கார்வானுக்கோ சென்றால், அங்கு வழங்கியது நிஜாமின் நாணயம். ஊர் ஒன்றுதானே என்று எண்ணிச் செல்பவன் சராபுக் கடையில் நின்று காசு மாற்றிக்கொண்டுதான் மேலே செல்லுதல் வேண்டும்.

நிஜாமின் நாணயத்துக்கு ஹாலி சிக்கா என்று பெயர். ஹாலி என்றால் நடப்பில் உள்ளது என்பது பொருள். பிரிட்டிஷ் ரூபாயை மக்கள் கல்தார் என்றனர். கல் என்பது இயந்திரம். இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்பதால் அப்பெயர். ஹாலியோ நெடுங்காலம் கையால் அடிக்கப்பட்ட காசு. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அதற்கும் முன்பு பற்பல ஊர்களில் தனித்தனி அக்கசாலைகள் இருந்தன. ஊருக்கு ஒரு காசு, காசுக்கு ஒரு மதிப்பு என்றிருந்தது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் அவற்றை ஒடுக்கித் தலைநகர அக்கசாலையின் காசையே நாடெங்கும் வழங்கச் செய்தார். 1903-இல் சைபாபாத்தில் புதிய அக்கசாலை எழுந்த பின்னரே சார்மினார் உருவம் பொறித்த ஒழுங்கான இயந்திர நாணயம் வெளிவரலாயிற்று. அதன் பின்னும் மக்கள் பிரிட்டிஷ் ரூபாயைத்தான் கல்தார் என்றனர். ஒட்டிய பெயர் எளிதில் உதிர்வதில்லை போலும். அந்தச் சைபாபாத் கட்டடத்தில் 2022-இல் நாணயக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது.

இனி மதிப்புக்கு வருவோம். கல்தார் ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. சார்மினார் ரூபாயின் எடை ஏறத்தாழ 11.18 கிராம், நூற்றுக்கு 81.8 பங்கு வெள்ளி. ஆகவே முன்னதில் 10.69 கிராம் வெள்ளியும், பின்னதில் ஏறத்தாழ 9.14 கிராம் வெள்ளியும் உண்டு. வகுத்துப் பார்த்தால் 100 கல்தாரிலுள்ள வெள்ளி ஏறக்குறைய 117 ஹாலியில் இருக்கிறது. ஆறு கல்தாருக்கு ஏழு ஹாலி என்று பிற்காலத்தில் நிலைத்த விகிதத்துக்கு இதுவே அடிப்படை. அவ்விகிதப்படி 100 கல்தாருக்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி.

இக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கல்தார் ரூபாய்க்கு ஹாலியில் 1 ரூபாய் 2 அணா 8 பை, மீதமின்றி வரும். ஒரு கல்தார் அணாவுக்கு 1 அணா 2 பை. அதுவும் சரியாக வரும். நிஜாம் அரசு இரண்டு பைக் காசு அடித்திருந்தமையால் கையில் எண்ணியும் கொடுக்கலாம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹாலி ரூபாய்க்குக் கல்தாரில் 13 அணா 8 பையும், அதன் மேல் ஒரு பையில் ஏழில் நான்கு பங்கும் வரும். ஏழில் நான்கு பங்குக்கு உலகில் எந்த அரசும் காசு அடித்ததில்லை. ஒரு ஹாலி அணாவுக்கோ 10 பையும் ஏழில் இரண்டு பங்கும். ஆக, கல்தார் உடையவன் ஹாலி வாங்கும்போது கணக்கு நேராக நின்றது. ஹாலி உடையவன் கல்தார் வாங்கும்போது பின்னம் விழுந்தது. பின்னத்தை யாரேனும் ஒருவர் விழுங்கியாக வேண்டும். ஆயிரம் ரூபாய் மாற்றும் சாவுகாருக்கு ஒரு பை பொருட்டன்று. இரண்டணா மாற்றும் கூலியாளுக்கு அஃது அன்றைய உப்பு. சில்லறை மாற்றம் எங்கும் ஏழையின் மீது விழும் வரி என்பது எம் எண்ணம். பயணச்சீட்டு ஜன்னலில் நின்று சில்லறைக்குத் தவிப்போரைக் காண்போர் இதனை மறுக்கமாட்டார்.

இனிப் பெரு வணிகரின் பாட்டைப் பார்ப்போம். பம்பாயிலிருந்து துணி தருவிக்கும் ஒரு வணிகரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 1802-இல் கம்பெனிக்கும் நிஜாமுக்கும் ஏற்பட்ட வாணிக உடன்படிக்கையின் வழியாக, சமஸ்தான எல்லையில் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதம் சுங்கம் உண்டு. பம்பாயில் துணியின் விலை 1,000 கல்தார். இது ஹாலியில் 1,166 ரூபாய் 10 அணா 8 பை. சுங்கம் 58 ரூபாய் 5 அணா 4 பை. கூட்டினால் அணா பையின்றிச் சரியாக 1,225 ரூபாய் ஹாலி. ரயில் கூலியையும் வண்டிக் கூலியையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். அவர் அச்சரக்கை ஊர்க் கடைக்காரர்களுக்கு மூன்று மாதத் தவணையில் 1,300 ஹாலிக்கு விற்கிறார். இலாபம் 75 ரூபாய். ஏட்டில் இலாபம் எழுதியாயிற்று.

ஆனால் பம்பாய்க்காரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. தவணை தீர்ந்து ஹாலி கைக்கு வருவதற்குள், நம் தென்னாட்டு வணிகர் வட்டம் என்று வழங்கும் மாற்றுக் கழிவு ஏறி, 100 கல்தாருக்கு 120 ஹாலி ஆகிவிட்டதாகக் கொள்வோம். அவர் 1,000 கல்தார் அனுப்ப 1,200 ஹாலி வேண்டும். இலாபம் 41 ரூபாய் 10 அணா 8 பையாகச் சுருங்குகிறது. 125 ஆகிவிட்டாலோ, 8 ரூபாய் 5 அணா 4 பை கைநட்டம். சரக்கில் குறையில்லை, வாங்கியவர் ஏய்க்கவில்லை, விலையும் வீழவில்லை. எனினும் முதல் கரைந்தது. விகிதம் ஏழுக்கு ஆறாக இருந்ததால் வந்த துன்பம் சிறிது. வாங்கிய நாளுக்கும் பணம் செலுத்தும் நாளுக்கும் இடையில் அது அசைந்ததால் வந்த துன்பமே பெரிது. கெட்டிக்கார வணிகர் இதற்கு இரண்டு வழி கண்டிருப்பர். ஒன்று, வட்டம் தாழ்ந்திருக்கும்போதே பம்பாய் உண்டியை வாங்கி வைத்துக்கொள்வது. அதற்குக் கைமுதல் வேண்டும். மற்றொன்று, ஏறக்கூடிய வட்டத்தையும் முன்னதாகவே விலையில் ஏற்றி விடுவது. அதற்கு வாங்குவோர் வேறு கடை போகாதிருத்தல் வேண்டும். இரண்டும் சிறு கடைக்காரனுக்கு எட்டாதவை. பணம் படைத்தவன் பணத்தால் பிழைத்தான், மற்றவன் சாவுகாரின் வட்டிக்குப் போனான்.

நாள்களும் இரண்டாக நின்றன. பம்பாய்ப் பட்டியலில் ஆங்கில மாதம். நிஜாம் அரசின் அலுவலகங்களில் பசலி ஆண்டு. அது அக்டோபர் முதல் வாரத்தில் ஆஸுர் மாதத்தோடு பிறக்கும். மார்வாடிச் சாவுகாரின் புதுக்கணக்கோ தீபாவளிக்கு. ஒரே கடனுக்கு மூன்று ஏட்டில் மூன்று தேதி. கணக்குப்பிள்ளை என்பவன் பாதி சோதிடனாகவும் இருந்திருப்பான்!

நிற்க. இத்தொல்லை கடைவீதியோடு நிற்காது அரசையும் பற்றியது; அதற்கு நம் இரயில்பாதையே சான்று. வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை 1874-இல் திறக்கப்பட்டது. பம்பாய்-சென்னைப் பெருவழியோடு ஐதராபாத் இணைந்தது. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் வந்த சரக்கு நாள்கணக்கில் வந்தது. சரக்கு பெருகவே கல்தாரின் தேவையும் பெருகிற்று. பின்னர் 1883-இல் பாதையை விரிவாக்க இலண்டனில் கம்பெனி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி இருபது ஆண்டுக்கு நிஜாம் அரசு உறுதியளித்தது. வட்டி பவுனில். வரி வருவாய் ஹாலியில். இடையில் கல்தார்.

உலகில் வெள்ளியின் விலை அப்போது வீழ்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனி 1870-களில் தங்க நாணயத்துக்கு மாறியதும், அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்ததும் அதற்குக் காரணங்கள். 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற கல்தார் ரூபாய் 1892-93-இல் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு இறங்கிற்று. 100 பவுன் வட்டிக்கு முன்பு 1,000 கல்தார் போதும். பின்பு 1,600 வேண்டும். ஏழுக்கு ஆறு வீதம் வைத்தால் அந்த 1,600 கல்தாருக்கு 1,866 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி. பயிரிடுவோன் கட்டிய வரியில் ஒரு காசும் கூடவில்லை. அரசுக்கும் பம்பாய்ச் சரக்குத் தருவித்த நம் துணி வணிகருக்கும் வந்தது ஒரே நோய். அளவு ஒன்றே வேறு.

இதனை முன்கூட்டியே ஐயுற்றோரும் இருந்தனர். சாந்தா இரயில் திட்டம் என்று பெயர்பெற்ற அவ்வேற்பாட்டை வெளிப்படையாக ஆராய வேண்டும் என்று 1883-இல் கிளர்ச்சி எழுந்தது. அதில் முன்னின்றவர் ஐதராபாத் கல்லூரித் தலைவர் அகோரநாத் சட்டோபாத்தியாயர்; கவியரசி சரோஜினி நாயுடுவின் தந்தையார். அரசு அவரை நகரை விட்டு வெளியேற்றியது. பின்னர் திரும்ப அழைத்துக்கொண்டது. விஞ்ஞானம் கற்ற ஒரு பேராசிரியர் இரயில்வேக் கடனுக்காக நாடு கடத்தப்பட்டார் என்பதை இரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் அறிந்திருத்தல் நன்று. அப்பாதையை நிஜாம் அரசு 1930 ஏப்ரல் முதல் நாள் தானே விலைக்கு வாங்கிக்கொண்டது.

1893-இல் இந்திய அரசு தன் அக்கசாலைகளில் பொதுமக்கள் வெள்ளி கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையை நீக்கிற்று. கல்தார் வெள்ளியின் விலையினின்றும் பிரிந்தது. அதுவரை வெள்ளியே இரு நாணயத்துக்கும் பொது அளவுகோலாக இருந்தது. அது போனதும் வட்டம் தன்போக்கில் ஆடலாயிற்று. 1903-ஐ ஒட்டிய நாணயச் சீர்திருத்தம் இவ்வாட்டத்தை அடக்கவே வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளி கிடைப்பது அரிதாகவே, 1918-இல் நிஜாம் அரசு 10 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அத்தாள்களில் உருதும் ஆங்கிலமும் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் இருந்தன. தமிழ் இல்லை, சமஸ்தானத்தில் நாம் விருந்தினர் அன்றோ!

இவற்றினும் பெரிய மாற்றம் 1941-இல் சட்டமாகி 1942 ஏப்ரலில் கன்பவுண்டரியில் தொழில் தொடங்கிய ஐதராபாத் ஸ்டேட் பாங்கு. நாணய நிருவாகமும் அரசுக் கடனும் அதன் பொறுப்பாயின. கல்தாரில் 1940-இல் வெள்ளி பாதியாயிற்று. ஹாலியிலும் சில ஆண்டுகளில் அவ்வாறே குறைக்கப்பட்டது. வெள்ளியை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகியிருத்தல் வேண்டும். ஆயினும் ஏழுக்கு ஆறே நின்றது. வெள்ளி தாங்கியதை இப்போது அரசின் சொல் தாங்கிற்று.

அச்சொல்லும் 1947-இன் இறுதியில் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 29-இல் இந்திய அரசோடு நடப்புநிலை உடன்படிக்கை ஏற்பட்டது. அடுத்தே நிஜாம் அரசு இரண்டு அவசரச் சட்டங்கள் இயற்றியது. பொன் வெள்ளியை இந்தியாவுக்கு அனுப்பத் தடை ஒன்று; இந்திய நாணயம் சமஸ்தானத்தில் செல்லாது என்பது மற்றொன்று. பாகிஸ்தானுக்கு இந்திய அரசின் கடன்பத்திரங்களாக 20 கோடி ரூபாய் கடன் கொடுத்த செய்தியும் வெளிவந்தது. அரசியல் வழக்கை அறிஞர்கள் ஆராயட்டும். பம்பாய்க்கோ சென்னைக்கோ பணம் செலுத்த வேண்டியிருந்த வணிகர் அந்த ஒன்பது மாதமும் எவ்வாறு உறங்கியிருப்பர் என்பதே எமக்குத் தோன்றுவது. அவர் பெட்டியில் ஹாலி, கடன் கல்தாரில், விகிதம் என்னவாகும் என்று சொல்ல எவருமில்லை. ஹாலி வெறுந்தாளாகிவிட்டால் தலைமுறைச் சேமிப்பு ஓரிரவில் போய்விடும்.

1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நிகழ்ந்த போலீஸ் நடவடிக்கையின்பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஹாலியை மதிப்பற்றதாக்கவில்லை, 1950-இல் இந்திய ரூபாய் உடன் வழங்கத் தொடங்கியபோதும் அதே ஏழுக்கு ஆறு வீதமே கைக்கொள்ளப்பட்டது. கல்தாருக்கு நிகராக ஒன்றுக்கு ஒன்று கொடுத்திருந்தால் ஹாலி குவித்திருந்தோர் கொழுத்திருப்பர். குறைத்திருந்தால் சேமித்த சிறியோர் அழிந்திருப்பர். இரண்டும் செய்யாதது நல்ல நிருவாகம் என்றே எம் சிற்றறிவுக்குப் படுகிறது. 1951-இல் ஹாலி வெளியிடுவது நின்றது. 1957 ஏப்ரலில் அணாவும் பையும் போய் நயா பைசா வந்தது. அப்போதும் கையிருப்பு ஹாலியை மாற்ற வந்தோர்க்கு ஒரு ரூபாய் 85 நயா பைசாவும், பழைய வழக்கப்படி ஒரு பின்னமும் ஆயிற்று. 1959-இல் ஹாலி செல்லாக் காசாயிற்று. அதனை நிருவகித்த பாங்கும் ஸ்டேட் பாங்கு ஆஃப் ஐதராபாத் என்ற பெயரோடு நெடுநாள் நடந்து 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது.