கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு: முந்தும் விதிகளும் இறுதிக்கட்ட உத்திகளும்

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் பந்தயங்களில் முந்துவதற்கான விதிகளைச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுக்கிறது. புறப்படும் முறைக்கேற்ப அவை மாறும். வீரர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்படும் பந்தயத்தில், பின்னால் வருபவர் கேட்டவுடன் முன்னால் செல்பவர் வழிவிட வேண்டும். அனைவரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தில், இடையூறின்றி முந்தும் பொறுப்பு முந்துபவரையே சேரும். வேண்டுமென்றே மறிப்பதும் தள்ளுவதும் விதிமீறல்கள்.

முன்செல்பவர் காற்றின் எதிர்ப்பைத் தாங்குவதால், அவரை ஒட்டிப் பின்தொடர்பவருக்கு ஆற்றல் மிச்சமாகிறது. எனவே பலர் இறுதிக்கட்டம் வரை இரண்டாம், மூன்றாம் இடங்களில் காத்திருப்பர். கடைசி இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தோடு பக்கவாட்டில் விலகி முந்துவர். முடிவுக்கோட்டுக்கு முந்தைய நேர்பாதை தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நெருக்கமான முடிவுகளில் கோட்டை முதலில் கடக்கும் காலணி நுனியே வெற்றியைத் தீர்மானிக்கிறது. அதனால் வீரர்கள் ஒரு காலை முன்னே நீட்டிப் பாய்வர்.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் மகளிர் அணி ஸ்பிரின்ட் இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்காவின் ஜெசி டிகின்ஸ், ஸ்வீடனின் ஸ்டினா நில்சனை நேர்பாதையில் முந்தி 0.19 விநாடி வித்தியாசத்தில் கோட்டைக் கடந்தார். கிக்கன் ரேண்டலுடன் இணைந்து அவர் வென்ற அந்தப் பதக்கமே, இவ்விளையாட்டில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.