பொன் சேராத பொன்மினுக்கம்: பஸராக் குயவர் பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்னர் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் முஸ்லிம்களின் விஞ்ஞானப் பங்களிப்பு பற்றி ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர். ஓரிடத்தில் குரலை உயர்த்திச் சொன்னார்: "இண்டைக்கி உலகமே நனோ நனோ எண்டு கத்துது. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னமே எங்கட ஆக்கள் அதைச் செஞ்சி முடிச்சிட்டாங்க!" சபையில் தக்பீர் முழங்கியது. கேள்வி நேரத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு பையன் எழும்பி, "அப்ப அது ஏன் சேர் இப்ப எங்கட கையில இல்ல?" என்று கேட்டான். பேச்சாளர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தப் பையனுக்கு யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குள் ஒரு உறுத்தல். பேச்சாளர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதை அவர் சொன்ன விதத்தில், செய்தவர்களின் உழைப்பும் காணாமற்போனது, அது கைநழுவிய கதையும் காணாமற்போனது.

அவர் குறிப்பிட்டது அப்பாசியர் காலத்து மினுக்கப் பாண்டங்களை. இன்றைய அரபியில் உலோக மினுக்கம் என்ற பொருளில் 'அல்பரீக் அல்மஅதனீ' என்பார்கள். ஆங்கிலேயர் லஸ்டர் என்பார்கள். வெள்ளைப் பூச்சிட்ட களிமண் கோப்பை. அதன் மேல் இலை, கொடி, பறவை, கூஃபி எழுத்து. நேரே பார்த்தால் பழுப்பு அல்லது மஞ்சள் தீட்டிய சாதாரணக் கோலம். சற்றுச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கோலம் முழுவதும் பொன்னாகவோ செம்பாகவோ எரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஊதாவும் நீலமும் ஓடி மறையும். இத்தனைக்கும் அதில் ஒரு குன்றிமணிப் பொன்கூட இல்லை. இருப்பது வெள்ளியும் செம்பும். அதுவும் கண்ணுக்கே தெரியாத அளவு.

எங்கள் வீடுகளில் சாப்பிடும் தட்டைப் பீங்கான் என்கிறோம். அந்தச் சொல் பாரசீகத்து 'பிங்கான்'. அரபுநாட்டில் கஹ்வா குடிக்கும் ஃபின்ஜானும் அதே சொல்தான். பாத்திரமும் சொல்லும் ஒரே கப்பலில் வந்தவை என்று சொல்லத் தோன்றுகிறது.

கதை களிமண்ணில் அல்ல, கண்ணாடியில் தொடங்குகிறது. ஃபுஸ்தாத்தில், அதாவது பழைய கெய்ரோவில், 1965 இல் நடந்த அகழ்வில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. அதில் எகிப்தின் ஆளுநராக 773 இல் சிறிது காலம் இருந்த அப்துஸ் ஸமத் இப்னு அலீயின் பெயர் மினுக்க வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக எட்டாம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக்காரர்கள் வெள்ளியையும் செம்பையும் கண்ணாடிக்குள் ஏற்றப் பழகியிருந்தார்கள். இந்த வித்தையை ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர்கள் மண்பாண்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 836 இல் கலீஃபா முஃதஸிம் கட்டிய ஸாமர்ரா நகரின் இடிபாடுகளில், 1911 முதல் 1913 வரை ஜெர்மானியர் தோண்டியபோது இத்தகைய ஓடுகளும் பாண்டத் துண்டுகளும் வெளிவந்தன. மண்ணின் தன்மையை ஆராய்ந்தவர்கள் அவை பஸராவில் செய்யப்பட்டவை என்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தீவும் ஒரு ஓரமாக வருகிறது. பஸராக் குயவர்கள் வெள்ளீயம் கலந்து அந்த வெள்ளைப் பூச்சைச் செய்யப் பழகியதற்குக் காரணம் சீனத்து வெண்பாண்டங்கள். அந்தச் சீனப் பாண்டங்கள் கடல்வழியே மேற்கே போயின. 1998 இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் மட்டும் சுமார் அறுபதாயிரம் சீனப் பாண்டங்கள் இருந்தன. அந்தப் பாதையின் நடுவில் இருந்தது எங்கள் மாந்தை. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கு தோண்டியபோது சீனத்து ஓடுகளும் மேற்காசியாவின் நீலப்பச்சைப் பூச்சுப் பாண்ட ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. அதற்கு மேல் உரிமை கொண்டாட எங்களுக்கு ஒன்றுமில்லை. வித்தை பஸராவுடையது.

என்ன வித்தை? முதலில் பாண்டத்தைச் செய்து, கண்ணாடிப் பூச்சிட்டு, ஒருமுறை சுட்டு முடித்துவிடுவார்கள். பிறகு வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணோடும் வினாகிரியோடும் அரைத்து அந்தப் பூச்சின் மேல் கோலம் போடுவார்கள். மீண்டும் சூளைக்குள் வைப்பார்கள். இந்தத் தடவை சூடு குறைவு, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ். முக்கியமானது சூடு அல்ல, புகை. காற்றை அடைத்துச் சூளையைப் புகைய விடவேண்டும். ஒட்சிசன் போதாமல் எரியும் விறகிலிருந்து காபனோரொட்சைட்டு வரும். அதற்குள் செம்பு, வெள்ளி அயன்கள் பூச்சுக்குள் நுழைந்து, அங்கே இருந்த சோடியம், பொற்றாசியம் அயன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகை அவற்றைத் தாழ்த்தி மீண்டும் உலோகமாக்கும். உலோகமாக என்றால் கட்டியாக அல்ல, கண்ணாடிக்குள் சிதறிய துணிக்கைகளாக. ஒவ்வொன்றும் சில நனோமீற்றரிலிருந்து சில பத்து நனோமீற்றர் வரை. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இந்தத் துணிக்கைகள் நிற்கும் படலம் முழுவதும் சேர்த்தே ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சூளை ஆறியதும் பாண்டம் கருகிய மண் பூசியதுபோல அசிங்கமாக வெளியே வரும். அந்தக் காவிமண்ணைத் துடைத்துத் தேய்த்தால்தான் உள்ளே பொன் பிடித்திருக்கிறதா, வெறும் கறையா என்று தெரியும்.

பெரிய உலோகத் துண்டு ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை சிறிய துணிக்கையில் ஒளியலை படும்போது அதிலுள்ள இலத்திரன்கள் எல்லாம் ஒன்றாக ஊசலாடுகின்றன. அந்த ஊசலுக்குப் பொருந்திய நிறத்தை மட்டும் துணிக்கை விழுங்கிவிடும். வெள்ளித் துணிக்கை ஊதா, நீலப் பக்கத்தை விழுங்கும், மிஞ்சுவது மஞ்சள். செம்பு பச்சை, மஞ்சள் பகுதியை விழுங்கும், மிஞ்சுவது மாணிக்கச் சிவப்பு. துணிக்கைகள் ஐதாக இருந்தால் நிறம் மட்டுமே தெரியும். நெருக்கமாகத் திரண்டால் படலம் முழுவதும் ஒரே உலோகத் தகடு போல நடந்துகொண்டு மினுங்கும். ஊதாவும் நீலமும் ஓடுகின்றனவே, அது இன்னொரு விடயம். மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய்த் துளி விழுந்தால் வானவில் படர்கிறது அல்லவா? எண்ணெய்ப் படலத்தின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று சந்தித்து, சில நிறங்களைக் கூட்டியும் சிலதைக் குறைத்தும் விடுகின்றன. பாடப்புத்தகம் இதைத் தலையீடு என்கிறது. மினுக்கப் பாண்டத்திலும் உலோகப் படலத்துக்குள் அதுவே நடக்கிறது.

இதை அன்றே கவனித்த கண்கள் உண்டு. பஸராவில் பிறந்து கெய்ரோவில் சுமார் 1040 இல் மறைந்த இப்னுல் ஹைஸம், தமது கிதாபுல் மனாழிரில் பார்க்கும் நிலைக்கேற்ப நிறம் மாறுவனவற்றைப் பேசுகையில், மயிலிறகையும் 'அபூ கலமூன்' என்ற துணியையும் உதாரணம் காட்டுகிறார். சில ஆண்டுகள் கழித்து, 1047 இல், பாரசீகக் கவிஞர் நாஸிர் குஸ்ரவ் கெய்ரோவுக்கு வருகிறார். அந்நகரத்துப் பாண்டங்களின் வண்ணம் பிடிக்கும் பக்கத்துக்கேற்ப மாறுவதைக் கண்டு, அவரும் அதே துணியைத்தான் ஒப்பிடுகிறார். ஒருவர் ஒளியை ஆராய்ந்தவர், மற்றவர் கடைத்தெருவில் நின்றவர். இருவருக்கும் ஒரே உவமை கிடைத்ததை நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோசம்.

இனி எங்களிடையே அடிக்கடி சொல்லப்படும் ஒரு காரணம். தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் ஹதீஸ் தடுத்திருப்பதால், அதற்கு ஈடாகத்தான் முஸ்லிம் குயவர்கள் மண்ணில் பொன்னைச் செய்தார்கள் என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது. பல நூல்களிலும் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாண்டங்களைப் பார்த்தால் அது அவ்வளவு நேராகப் பொருந்தவில்லை. ஈராக்கின் முதல் மினுக்கப் பாண்டங்கள் பொன்னிறமானவை அல்ல. பச்சை, பழுப்பு, மஞ்சள், மாணிக்கச் சிவப்பு என்று ஒரே பாண்டத்தில் பல நிறம். உலோகப் பளபளப்பும் அவற்றில் குறைவு. ஸ்பெயினின் திரினிதாத் பிரதெல் போன்றவர்களின் ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது: தொடக்கத்தில் பூச்சில் ஈயம் குறைவாக இருந்தது. பிறகு ஈயத்தைக் கூட்டியபோது துணிக்கைகள் ஆழத்துக்கு இறங்காமல் மேல்மட்டத்தில் நெருங்கி நின்றன. அப்போதுதான் பொன் பிறந்தது. குயவர்களும் பல நிறத்தை விட்டுவிட்டு ஒரே நிறத்துக்கு வந்தார்கள். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி ஒன்பதாம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட 139 ஓடுகளில் பல நிறத்தவையும் ஒரு நிறத்தவையும் அருகருகே இருக்கின்றன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தின் சாட்சி அது. ஆக, பொன்னைப் போலச் செய்யவேண்டும் என்று தொடங்கி அங்கே போய்ச் சேரவில்லை. நிறத்தைத் தேடிப் போனவர்களுக்கு வழியில் பொன் கிடைத்தது. கிடைத்த பிறகு அதை விரும்பி வாங்கியவர்களின் மனதில் அந்த ஹதீஸும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

அவர்களுக்கு இலத்திரன் தெரியாது, அலைநீளம் தெரியாது. தெரிந்தது புகையின் நிறம், மண்ணின் குணம், எப்போது காற்றை அடைப்பது என்பது. அதை எழுதி வைக்கவில்லை. வாப்பா மகனுக்குக் கையால் காட்டிக்கொடுத்தார். மிக நிச்சயமற்ற தொழில் வேறு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் பிக்கொல்பாஸோ என்பவர் இந்தச் சூளையைப் பற்றி எழுதும்போது, நூறு பாண்டம் வைத்தால் ஆறு தேறுவதே பெரிய காரியம் என்ற கணக்கைத் தருகிறார். அப்படியான ஒரு வித்தையைப் போட்டிக்காரன் கையில் யார் கொடுப்பார்?

அந்தப் பையனின் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. ஈராக்கிலிருந்து ஃபாத்திமியரின் எகிப்துக்கும், அங்கிருந்து சிரியாவுக்கும், ஈரானின் காஷானுக்கும், அந்தலூசின் மாலகாவுக்கும் இந்த வித்தை போனது நூல்கள் வழியாக அல்ல, ஆட்கள் வழியாக. ஓர் ஆட்சி சரிந்தால், வாங்குவோர் இல்லாமற்போனால், குயவர் மூட்டை கட்டினார். விட்டுப்போன ஊரில் வித்தை இல்லை, போய்ச் சேர்ந்த ஊரில் இருந்தது. 1344 இல் எங்கள் பாவாதமலைக்கு ஏறிய இப்னு பதூதா, சில ஆண்டுகள் கழித்து மாலகாவுக்குப் போய், அங்கே செய்யப்படும் பொன்மினுக்கப் பாண்டங்கள் தூர தேசங்களுக்கு ஏற்றுமதியாவதைக் குறித்து வைத்தார். மாலகாவிலிருந்து அது கிறிஸ்தவ ஆட்சியிலிருந்த வலன்சியாவின் மனிஸெஸ் ஊருக்குப் போனது. அங்கும் தொடக்கத்தில் செய்தவர்கள் முஸ்லிம் குயவர்கள்தான். 1609 இல் வலன்சியாவின் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டபோது கைகளும் சேர்ந்து போயின. பாண்டம் மிஞ்சியது, ஆனால் அந்தத் தரம் மிஞ்சவில்லை.

காஷானில் மட்டும் ஒரு விதிவிலக்கு நடந்தது. அங்கே அபூ தாஹிர் குடும்பம் நான்கு தலைமுறையாக மினுக்க ஓடு செய்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு மகன், அபுல் காஸிம் அப்துல்லாஹ், சூளையை விட்டுவிட்டு மங்கோலிய அரசவையில் எழுத்தாளரானார். ஹிஜ்ரி 700 இல், கி.பி. 1301 இல், மணிகளையும் வாசனைத் திரவியங்களையும் பற்றிப் பாரசீகத்தில் ஒரு நூல் எழுதினார். அதன் கடைசியில் குடும்பத் தொழிலைப் பற்றியும் ஒரு பகுதி சேர்த்தார். ஆசனிக்குக் கற்கள், கந்தகத்தோடு எரித்த வெள்ளி, வறுத்த செம்பு, திராட்சைச்சாறு அல்லது வினாகிரி, மூன்று நாள் மெல்லிய புகை, பிறகு ஈரமண்ணால் தேய்ப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய சகோதரர் யூஸுஃப் தொழிலிலேயே இருந்தார். 1330கள் வரை அவருடைய கையொப்பமிட்ட வேலை கிடைக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயர் அதோடு நின்றுபோகிறது. ஒரு சகோதரரின் ஓடுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவை எப்படிச் செய்யப்பட்டன என்று எங்களுக்குத் தெரிவது மற்றவர் பேனா பிடித்ததால். அதுவும் தொழிலை விட்டுப்போனவர் பிடித்ததால். காஷானில் சூளையருகே நின்றவர்களில் வேறு எவரும் இப்படி எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

மற்ற முனையில், ஒளியைப் படித்தவர்கள் மெதுவாக வந்து சேர்ந்தார்கள். 1857 இல் மைக்கேல் பரடே, நீரில் மிதக்கும் நுண்ணிய பொன் துணிக்கைகள் சிவப்பாகத் தெரிவதைச் சோதித்தார். 1908 இல் குஸ்தாவ் மீ அதற்குக் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கும் பஸராப் பாண்டமும் சந்திக்க இன்னும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் சென்றது. 2001 இல் பெரெஸ் அரன்தெகியும் சக ஆய்வாளர்களும் ஸ்பெயின் மினுக்கப் பாண்டத் துண்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அவை நனோ அமைப்புள்ள ஒரு மெல்லிய உலோகப் படலம் என்று அறிவித்தார்கள். எங்கள் பேச்சாளர் சொன்ன செய்தியின் வேர் அந்த ஆய்வுதான். மொரிஸ்கோக்களைத் துரத்திய அதே நாட்டின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது அது. பஸராவின் பழைய துண்டுகளைப் பற்றிய ஆய்வுகளிலும் முன்னணியில் நிற்பவர்களில் ஸ்பெயின்காரர்கள் இருக்கிறார்கள்.

அபுல் காஸிமின் பகுதியை ஜேம்ஸ் அலன் 1973 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அலன் கைகர் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் குயவர் தமது சூளையில் இந்தப் புகை வித்தையை மீண்டும் பழகி, 1985 இல் அதைப் பற்றி முழு நூலே எழுதினார். இரண்டும் தமிழில் இல்லை. அந்தப் பையனை இன்னொரு நாள் பள்ளிவாசல் முற்றத்தில் கண்டேன். நூலின் பெயரை எழுதிக் கொடுத்தேன். "இது எங்க சேர் கிடைக்கும்?" என்று கேட்டான்.