புளியமரத்துப் பட்டு

கொத்தமங்கலத்துச் சாலையோரப் புளியமரங்களின் நிழலில் நடந்து பழகிய நமக்கு, புளி நம் மண்ணுக்கே உரிய மரம் என்ற எண்ணம் உண்டு. அராபிய வணிகரும் அவ்வாறே எண்ணி, 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். ஆயின் அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பர் தாவர நூலார். அக்கண்டத்தின் மேற்கே, வட நைஜீரியாவில் வாழும் ஹௌசா மக்கள் புளியமரத்தைத் 'த்ஸாமியா' என்கின்றனர். காட்டுப் பட்டுக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான்! புளிய இலையைத் தின்று வளரும் புழு தருவதால், மரத்தின் பெயரே நூலுக்கும் ஆயிற்று.

நாம் அறிந்த பட்டு, முசுக்கொட்டை இலையை உண்டு மனிதரின் பராமரிப்பில் வளரும் புழு தருவது. ஒரு புழு, ஒரு கூடு, நீண்ட ஓர் இழை. கூட்டை வெந்நீரில் இட்டு அவ்விழையைச் சுற்றி எடுப்பர். மேற்கு ஆப்பிரிக்காவின் 'அனாஃபே' இனப் புழுக்களின் வழக்கம் வேறு. அவை கூட்டமாகவே வாழ்கின்றன. பல புழுக்கள் சேர்ந்து பொதுவான உறை ஒன்றைப் பின்னி, அதனுள் தத்தம் சிறு கூடுகளைக் கட்டிக்கொள்கின்றன. ஓர் உறையினுள் நூற்றுக்கணக்கான கூடுகள் இருப்பதும் உண்டு. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால் தனித்து இழுக்க இயலாது. எனவே சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துப் பசையைப் போக்கி, அலசி உலர்த்தி, பஞ்சு நூற்பதுபோல் கையால் நூற்பர்.

இந்நூலைக்கொண்டு தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா மக்கள் நெய்த துணியே 'சன்யான்'. சாயம் ஏற்றாத வெளிர் பழுப்பு நிறம். கோடையில் காய்ந்த மண்ணின் நிறம் எனலாம். ஆண்கள் குறுகிய தறியில் ஏறத்தாழ 4 அங்குல அகலமுள்ள நீண்ட பட்டைகளாக நெய்வர். அப்பட்டைகளைப் பக்கம் பக்கமாக இணைத்துத் தைத்தால்தான் ஆடை உருவாகும். திருமணம், பட்டமேற்பு, பெரியோரின் இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கு உரிய உடை அது.

சகாரா பாலைவனத்தைக் கடந்து வந்த பளபளக்கும் செம்பட்டும் அம்மக்களிடம் இருந்தது. அதில் நெய்த 'அலாரி' என்னும் துணியையும் அவர்கள் போற்றினர். ஆயினும் 'துணிகளுக்கெல்லாம் தந்தை' என்று சிறப்பித்தது, மினுக்கம் குறைந்த சன்யானைத்தான். காட்டில் தேடி எடுத்த கைகள், வேகவைத்த கைகள், நூற்ற கைகள், நெய்த கைகள் என அத்தனை பேரின் உழைப்பும் அதில் அடங்கியிருந்தது அன்றோ?

நம் நாட்டிலும் காட்டுப் பட்டு உண்டு. ஜார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலங்களின் பழங்குடியினர் மருத மரத்திலும் சால மரத்திலும் தசர்ப் புழுவை வளர்க்கின்றனர். அசாமில் பொன்னிற மூகாப் பட்டு விளைகிறது. ஆமணக்கு இலையை உண்ணும் எரிப் புழுவின் கூடு ஒருபுறம் திறந்திருப்பதால், அந்துப்பூச்சி வெளியேறிய பின்னும் நூல் நூற்க இயலும்.

சன்யானுக்கு நேர்ந்தது யாது? காட்டில் கூடுகள் கிடைப்பது அரிதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பழுப்புச் சாயமேற்றிய பருத்தி நூலும் செயற்கை நூலும் அதன் இடத்தைப் பிடித்தன. துணியின் பெயர் மட்டும் மாறவில்லை. இன்று சன்யான் என்ற பெயரில் விற்கப்படும் துணிகள் பலவற்றில் காட்டுப் புழுவின் இழை ஒன்றுகூட இல்லை.

இதைப் படித்தபோது, கொத்தமங்கலத்தில் நோயுற்றோரைச் சந்திக்கச் சென்ற ஒரு நாள் நம் நினைவுக்கு வந்தது. மூதாட்டி ஒருவர் தம் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பட்டுச் சேலைகளை மருமக்களுக்குக் கொடுத்துவிட்டாராம். அடியில், வெள்ளைத் துணியில் பொதிந்து, ஒரு கண்டாங்கிச் சேலை இருந்தது. தடித்த பருத்தி, அகன்ற கரை, அரக்கு நிறக் கட்டங்கள். "எங்க ஆத்தா கட்டுனது, சாமி. நான் போறப்ப இதைத்தான் என்மேல போர்த்தணும்" என்றார். பட்டைப் பிறருக்கு ஈந்தவர், பருத்தியைத் தமக்கென வைத்துக்கொண்டார்! எது மேலான துணி என்பதை யொருபா முதியோரைப் போலவே அவரும் அறிந்திருந்தார்.

அக்கண்டாங்கி காரைக்குடித் தறிகளில் பிறந்தது. தேவாங்கர் குலத்தார் வழிவழியாக நெய்துவந்த அச்சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு காப்பது பெயரை. கையைக் காப்பது நியாயமான கூலி. தறியில் அமரும் இளையோர் அருகி வருகின்றனர். விசைத்தறித் துணியும் கண்டாங்கி என்ற பெயரில் கடைக்கு வருகிறது. சன்யான் சென்ற வழி நமக்குப் புதியதன்று.

திருமணத்திற்குத் துணி எடுக்கச் செல்லும்போது விலையைக் கேட்கிறோம், நிறம் போகுமா என்று கேட்கிறோம். 'இதை நெய்தவர் யார்? அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா?' என்றும் ஒருமுறை கேட்போம். அந்த மூதாட்டியின் பேத்திக்கும் பெட்டியின் அடியில் பொதிந்து வைக்க ஒரு சேலை வேண்டும் அல்லவா?